ராக்கிகடிப் பாட்டி எந்தக் கட்சி?

ரொம்ப நாளா டிராஃப்ட்லயே தூங்கிட்டு இருந்த பதிவு இது. போட்டா ரெண்டு பக்கமிருந்தும் அடி விழும்னு தெரியும், அதான் தயக்கம். போன வாரம் அக்கா பையன் போன்ல ஒரு கேள்வி கேட்டான். அதுக்கப்புறமும் சும்மா இருக்க முடியலை.

பையன் சிபிஎஸ்இ, பன்னிரண்டாம் வகுப்பு. "மாமா, ஆரியர் வெளியிலேர்ந்து வரலைன்னு டிஎன்ஏ வச்சு நிரூபிச்சுட்டாங்களாம், புக்ல போட்டிருக்கு. நீங்க வேற மாதிரி சொன்னீங்களே?" அவன் சொன்னது 2024ல என்சிஇஆர்டி திருத்தின வரலாற்றுப் புத்தகம். ராக்கிகடி டிஎன்ஏவைக் காட்டி, பெரிய அளவுல ஆரியர் குடியேற்றம் எதுவும் நடக்கலைன்னு அதுல சேர்த்திருக்காங்க.

அன்னைக்கு ராத்திரியே நண்பர் ஒருத்தர் (பதிவர்தான், பேர் சொன்னா கோச்சுக்குவார்) ஒரு ஃபார்வர்ட் அனுப்பறார். "ராக்கிகடிப் பெண் தமிழச்சி, அறிவியல் நிரூபணம்!!!!"

ஒரே எலும்புக்கூடு. ஒரு கோஷ்டி அந்தம்மாவுக்கு வேதம் சொல்லிக் கொடுக்குது, இன்னொரு கோஷ்டி திருக்குறள் ஒப்பிக்க வைக்குது. செத்து நாலாயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு மக்களே, நிம்மதியா விடுங்க :-)

முதல்ல என்ன நடந்ததுன்னு பார்த்துடலாம். ராக்கிகடி ஹரியானாவுல இருக்கு, சிந்துவெளி நாகரிகத்தோட பெரிய ஊர்கள்ல ஒண்ணு. அங்க இடுகாட்டைத் தோண்டின புனே டெக்கான் கல்லூரி வசந்த் ஷிண்டே குழு, ஹார்வர்டு டேவிட் ரைக் ஆய்வகத்தோட சேர்ந்து 61 எலும்பு மாதிரிகளைச் சோதிச்சுது. நம்ம ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் டிஎன்ஏ தாங்காது, சிதைஞ்சு போயிடும். போதாக்குறைக்கு பாக்டீரியா டிஎன்ஏ, தோண்டினவங்க கையிலேர்ந்து ஒட்டின டிஎன்ஏன்னு எல்லாம் கலந்து கிடக்கும். 61ல உருப்படியா தேறினது ஒண்ணே ஒண்ணு. ஒரு பெண். 2019 செப்டம்பர்ல 'செல்' இதழ்ல கட்டுரை வந்தது.

அந்தம்மாகிட்ட ஸ்டெப்பி புல்வெளி மேய்ச்சல்காரங்களோட மரபுக்கூறு இல்லை. இதுதான் முக்கியமான முடிவு. உடனே டெல்லியில பத்திரிகைக்காரங்களைக் கூப்பிட்டு, ஆரியர் வந்ததா சொல்ற கதை முடிஞ்சுதுன்னு அறிவிச்சாங்க. எப்படிங்க முடியும்?

எங்க வீட்ல 1970ல எடுத்த ஒரு கறுப்பு வெள்ளை போட்டோ இருக்கு. அதுல டிவி இல்லை. இன்னைக்கு வீட்ல டிவி இருக்கு. இதுலேர்ந்து டிவி வெளியிலேர்ந்து வரவே இல்லைன்னு சொன்னா என்ன சொல்வீங்க? அந்த போட்டோவுக்கு அப்புறம்தான் வந்திருக்குன்னுதானே? சிந்துவெளி செழிப்பா இருந்தப்போ வாழ்ந்த ஒருத்தர்கிட்ட இல்லாத ஒண்ணு, இன்னைக்கு வட இந்தியாவுல பெரும்பாலானவங்ககிட்டயும் தெற்குல பலர்கிட்டயும் இருக்கு. அப்போ நடுவுல வந்திருக்கு.

எப்போ வந்ததுன்னும் சொல்லியிருக்காங்க. அதே 2019 செப்டம்பர்ல 'சயின்ஸ்' இதழ்ல வந்த வாகீஷ் நரசிம்மன் குழுவோட கட்டுரை. புதுசா 523 பண்டைய மனிதர்களோட டிஎன்ஏவைப் படிச்சு, ஸ்டெப்பி மரபு தெற்காசியாவுக்குள்ள நுழைஞ்சது சுமார் கி.மு. 2000லேர்ந்து 1500க்குள்ளன்னு கணிச்சாங்க. வேடிக்கை என்னன்னா, இந்தக் கட்டுரையிலயும் ஷிண்டே பேர் இருக்கு! கட்டுரையில ஒண்ணு, மைக் முன்னாடி இன்னொண்ணு. பாடப்புத்தகத்துல ஏறினது மைக் முன்னாடி சொன்னது. (குதிரைல வந்து கோட்டையை இடிச்சாங்கங்கற 'படையெடுப்பு' கதையைத் தொல்லியல்காரங்க எப்பவோ கைவிட்டாச்சு. படையெடுப்பு இல்லைங்கறதும் இடப்பெயர்வு இல்லைங்கறதும் ஒண்ணு இல்லை.)

இவ்வளவு நேரம் கைதட்டிட்டு இருந்த நம்மாளுங்க கொஞ்சம் உட்காருங்க. அடுத்தது நமக்கு.

அந்தம்மா தமிழச்சின்னு எந்த எலும்புல எழுதியிருக்கு? டிஎன்ஏ மொழி பேசாது. 19ம் நூற்றாண்டுல கரும்புத் தோட்டத்துக்கு ரீயூனியன் தீவு போன தமிழர்களோட வாரிசுகள் இன்னைக்குப் பேசறது பிரெஞ்சும் கிரியோலும். நாளைக்கு அவங்க எலும்பை எடுத்துப் பார்க்கறவன் என்ன மொழின்னு சொல்லுவான்? பலூசிஸ்தான்ல பிராகுயி பேசறவங்க திராவிட மொழிக்காரங்க, மரபணுவுல பக்கத்துல இருக்கற பலூச்சிகள் மாதிரிதான் இருக்காங்க.

சிந்துவெளிக்காரங்க திராவிட மொழி பேசியிருக்கலாம்ங்கறது மதிக்க வேண்டிய கருத்துதான், எனக்கும் ஆசைதான். ஆனா அது மொழியியல்லயும் எழுத்தாராய்ச்சியிலயும் நிரூபிக்க வேண்டியது. எழுத்தை இன்னும் யாரும் படிச்சு முடிக்கலை. அப்படியே நிரூபணம் ஆனாலும் அது இன்னைக்குத் தமிழ் ஆகாது, எல்லா திராவிட மொழிக்கும் மூத்த ஒண்ணா இருக்கும். தெலுங்குக்காரரும் கோண்டிக்காரரும் பங்கு கேட்பாங்க.

சயின்ஸ் கட்டுரையோட இன்னொரு முடிவு, சிந்துவெளி மக்களோட மரபுதான் இன்னைக்குத் தெற்காசியர்ல பெரும்பாலானவங்களுக்கு முக்கியமான மூலம். சிந்துவெளி சரிஞ்சப்புறம் ஒரு பகுதி தெற்கு, கிழக்குப் பக்கம் இருந்த பழைய வேட்டைச் சமூகங்களோட கலந்தது, இன்னொரு பகுதி ஸ்டெப்பிக்காரங்களோட கலந்தது. ஆக அந்தம்மா எனக்கும் பாட்டி, லக்னோக்காரனுக்கும் பாட்டி. அந்தப் பாட்டியே கலப்புதான். ஈரான் பக்கத்து வேட்டைக்காரங்களோட உறவுள்ள ஒரு கிளையும், இந்த மண்ணோட பழைய வேட்டைச் சமூகமும் சேர்ந்த ரத்தம்.

ரெண்டு கோஷ்டியும் அந்தம்மாகிட்ட கேட்கறது ஒண்ணேதான்: "நாங்க சுத்தம், நாங்கதான் முதல்லன்னு சொல்லு." அவங்க சொல்றதோ அதுக்கு நேர் எதிர். அதான் யாருக்கும் காது கேட்கலை.

யாரும் ஃபார்வர்ட் பண்ணாத ஒரு ஆய்வைச் சொல்றேன். 2013ல பிரியா மூர்ஜானி, தங்கராஜ் முதலானவங்க வெளியிட்டது. இந்தியாவுல பெரிய கலப்பு நடந்தது சுமார் 4200லேர்ந்து 1900 வருஷத்துக்கு முன்னாடி வரைக்கும். அதுக்கப்புறம் ஒவ்வொரு கூட்டமும் தனக்குள்ளயே பொண்ணு எடுத்துக் கொடுக்கற பழக்கத்துக்கு மாறியிருக்கு. ஒருகாலத்துல எல்லாரும் எல்லாரோடயும் கலந்தாங்க, அப்புறம் கதவைச் சாத்திட்டோம். சாத்தினதுக்கு இன்னைக்கும் வட்டி கட்டறோம், சில சமூகங்கள்ல பரம்பரை நோயாவும், எல்லா ஊர்லயும் கல்யாணப் பேச்சு எடுத்தா வர்ற வெட்டுக்குத்தாவும். எலும்பு சொல்ற சேதியில நமக்கு உறைக்க வேண்டியது இதுதான். இதை எந்த மேடையிலயும் காணோம். நம்ம பதிவுகள்லயும்தான்.

பையன்கிட்ட இவ்வளவையும் சொன்னேன். பொறுமையா கேட்டுட்டு, "அப்போ பரீட்சையில எதை மாமா எழுதறது?"ன்னான்.

"புக்ல இருக்கறதை எழுதுடா"ன்னு சொன்னேன். சொன்னதுலேர்ந்து மனசு சரியில்லை. அதான் இந்தப் பதிவு.

டிஸ்கி: ஆட்டோ அனுப்பறவங்க முதல்ல ரெண்டு கட்டுரையோட சுருக்கத்தையாவது படிச்சுட்டு அனுப்பவும். ஒரு பக்கம்தான் :-)