மொய்ப் பணத்தில் பிறந்த பாட்டு



சம்பள நாளன்று மாலை, மூன்றாம் லயத்துத் தாய் ஒருவர் என்னைத் தேடி வந்தார். "சார், பையன் கீபோர்டு வேணுங்கிறான். பட்டணத்துக் கடையில தவணைக்குக் கொடுக்கிறாங்களாம். பாட்டு சோறு போடுமா சார்?" என்றார். போடும் என்று சொல்ல வாய் வரவில்லை. போடாது என்று சொல்ல மனம் வரவில்லை. அவரிடம் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்கிறேன்.

அமெரிக்காவில் நியூயார்க் நகரத்துப் புரூக்ளின் பகுதியில் 'நேஷன் ஆஃப் லாங்குவேஜ்' என்றொரு இசைக்குழு. பாடுகிறவர் இயன் டெவனி. சிந்தசைசர் வாசிப்பவர் அவருடைய மனைவி ஏடன் நோயல். சிந்தசைசர் என்றதும் மிரள வேண்டாம். ஆர்மோனியத்தில் காற்று பாடுகிறது, வயலினில் தந்தி பாடுகிறது, இதில் மின்சாரம் பாடுகிறது. அவ்வளவுதான்.

நம் வீட்டுக் கல்யாணத்தில் மொய் வந்தால் என்ன செய்வோம்? பந்தல், சமையல், நகைக்கடை பாக்கி என்று விடிவதற்குள் கரைந்துவிடும். இவர்களோ தங்கள் திருமணத்துக்கு வந்தவர்களிடம், பரிசுப் பொருள் வேண்டாம், பாட்டுப் பதிவுச் செலவுக்கு உதவுங்கள் என்று கேட்டுக்கொண்டார்கள். நம் பக்கம் இப்படிக் கேட்டால் பெரிய மாமாக்கள் பந்தியிலிருந்து எழுந்தே போய்விடுவார்கள்!

முதல் இசைத்தட்டு 2020 மே மாதம் வந்தது. கொரோனாவால் ஊரே கதவடைத்துக் கிடந்த நேரம், மேடை ஏற வழியில்லை. ஆனாலும் கேட்டவர்கள் அடுத்தவருக்குச் சொன்னார்கள். 2023இல் வந்த மூன்றாவது தட்டை, இங்கிலாந்தின் பெயர்பெற்ற ரஃப் டிரேட் இசைத்தட்டுக் கடை அவ்வாண்டின் சிறந்த தட்டாகத் தேர்ந்தெடுத்தது.

அவர்கள் வாசிப்பது 1980 வாக்கில் இருந்த பாணி. எனக்கு இரண்டு பாட்டுக்கு மேல் தாங்கவில்லை, அது என் காதின் குறை. டெவனிக்கு இந்த ஆசை வந்ததே தந்தையின் காரில் கேட்ட ஒரு பழைய பாட்டினால்தான். 1979இல் வெளிவந்த 'எலக்ட்ரிசிட்டி' என்ற பாட்டு அது.

அதைப் பாடிய 'ஓ.எம்.டி.' குழுவினர் யார் தெரியுமா? இங்கிலாந்தில் லிவர்பூலுக்கு எதிர்க்கரையில் வளர்ந்த இரண்டு பையன்கள். அவர்களுடைய முதல் சிந்தசைசரைக் கடையில் ரொக்கம் கொடுத்து வாங்கவில்லை. ஒருவனுடைய தாயார் வைத்திருந்த தபால் வியாபாரப் புத்தகத்தின் மூலம், வாரத் தவணையில், 36 வாரம் கட்டி வாங்கினார்கள்.

முப்பத்தாறு வாரம் என்றதும் அந்தத் தாய் விரல்விட்டு எண்ணினார். "எட்டு மாசத்துக்கு மேல ஆகுமே சார்" என்றார்.

பள்ளியில் பழைய ஆர்மோனியம் ஒன்று இருக்கிறது. இரண்டு கட்டை ஊமை. மூன்று மாதம் அதில் பழகட்டும், அதற்குப் பிறகும் பையன் கேட்டால் முன்பணத்தில் பாதி என்னுடையது என்று சொல்லி அனுப்பினேன்.

திங்கட்கிழமை நான் பள்ளிக் கதவைத் திறப்பதற்கு முன்பே வாசலில் நின்றுகொண்டிருந்தான்.