துடுப்பு நீச்சலும் பதக்கப் பட்டியலும்



சீ விளையாட்டுப் போட்டி நெருங்கும் ஒவ்வொரு முறையும் ஆசிரியர் அறையில் ஒரே பேச்சுத்தான் எழுகிறது. ஏற்று நடத்தும் நாடு தனக்குக் கைவந்த விளையாட்டுகளைப் பட்டியலில் நுழைத்துத் தங்கத்தை அள்ளிக்கொள்கிறது என்பதே அப்பேச்சு. எடுத்துக்காட்டாக இழுக்கப்படும் விளையாட்டுகளுள் துடுப்பு நீச்சலும் ஒன்று. "காலில் மீன்வாலை மாட்டிக்கொண்டு நீந்துவதற்கும் ஒரு தங்கப் பதக்கமா?" என்று யாரேனும் ஒருவர் கேட்பார், மற்றவர் சிரிப்பர். அந்தச் சிரிப்பு எனக்கு உடன்பாடானதன்று. ஏன் என்பதை இப்பதிவில் எழுத விழைகிறேன்.

முதலில் பெயர். இதனைச் 'செதில் நீச்சல்' என்று சிலர் எழுதக் காண்கிறேன். செதில் என்பது மீனின் உடலை மூடியிருக்கும் ஓடு. நீந்த உதவும் உறுப்பு துடுப்பு. படகுக்கும் துடுப்பு, மீனுக்கும் துடுப்பு என்று ஒரே சொல்லை வைத்துள்ள நம் மொழியில் 'துடுப்பு நீச்சல்' என்பதே பொருந்தும். (தமிழாசிரியன் வேறு எங்கே தொடங்குவான் என்கிறீர்களா!)

வழக்கமான நீச்சற்குளத்தில்தான் இப்போட்டியும் நடைபெறுகிறது. வீரர் தம் இரு பாதங்களையும் ஒரே அகன்ற துடுப்பில் பூட்டிக்கொள்கிறார். கண்ணாடி இழையாலோ கரிம இழையாலோ ஆன அத்துடுப்பின் அகலமும் நீளமும் 76 சென்டிமீட்டரைத் தாண்டலாகாது என்பது விதி. கைகள் தலைக்கு முன்னே நீட்டிக் கோத்தபடி அசையாமல் இருக்கும். மார்பில் தொடங்கும் அலை இடுப்பு, தொடை, முழங்கால் வழியாக இறங்கித் துடுப்பில் முடியும். மூச்சுக் குழாய் நெற்றியின் நடுவே மேல்நோக்கிச் செல்வதால், மூச்சு வாங்கத் தலையைத் திருப்ப வேண்டுவதில்லை. இது மேற்பரப்பு வகை. தொடக்கத்திலும் ஒவ்வொரு திருப்பத்திலும் 15 மீட்டர் வரைதான் நீருக்குள் மூழ்கிச் செல்லலாம். 50 மீட்டரை மூச்சடக்கி முழுவதும் நீருக்குள்ளேயே கடப்பது இன்னொரு வகை. காற்றுக்கலனைக் கைகளில் முன்னே ஏந்திச் செல்வது மற்றொன்று. காலுக்கொன்றாக இரு துடுப்பு அணிந்து, கைவீசி நீந்தும் வகையும் உண்டு.

வேகத்தைக் கேளுங்கள். பிரேசில் நாட்டுச் சீசர் சியலோ 2009-ஆம் ஆண்டில் 50 மீட்டர் எதேச்சை நீச்சலை 20.91 வினாடியில் கடந்து உலகச் சாதனை படைத்தார். மூச்சடக்கி நீந்தும் துடுப்பு வீரர்களுள் முன்னணியினர் அதே தொலைவை 14 வினாடிக்கும் குறைவாகக் கடந்துள்ளனர். தன் தசையின் ஆற்றல் ஒன்றைக்கொண்டே மனிதன் நீரில் இதைவிட விரைந்து செல்லும் வேறொரு நீச்சற்போட்டியை நான் அறியேன். அறிவியல் ஆசிரியர்கள் விசையையும் எதிர்விசையையும் விளக்க இதன் காணொளி ஒன்றைக் காட்டலாம். வகுப்பில் ஒரு பிள்ளையும் தூங்காது.

இது நேற்று முளைத்ததுமன்று. நீரடி நடவடிக்கைகளுக்கான உலகக் கூட்டமைப்பு 1959-இல் தோன்றியது. கடலாராய்ச்சியாளர் சாக் கூஸ்தோ அதன் முதல் தலைவர். 1976-இல் செருமனியின் ஹானோவர் நகரில் முதல் உலக வெற்றியாளர் போட்டி நடந்தது. ஒலிம்பிக்கில் இல்லாத விளையாட்டுகளுக்காக 1981-இல் கலிபோர்னியாவின் சாந்தா கிளாரா நகரில் முதல் 'உலக விளையாட்டுகள்' தொடங்கியபோதே துடுப்பு நீச்சலும் அதில் இருந்தது. 2025-இல் சீனாவின் செங்டுவிலும் இருந்தது.

அந்த உலக விளையாட்டுகளை அற்பமாக எண்ணுவோருக்கு ஒரு பெயரை நினைவூட்டுகிறேன்: நிக்கோல் டேவிட். பினாங்கில் பிறந்த நம் சுவர்ப்பந்து வீராங்கனை 2005, 2009, 2013 ஆகிய மூன்று முறையும் தங்கம் வென்றது அந்த மேடையில்தான். அவர் களத்தில் இருந்த காலம் முழுவதும் சுவர்ப்பந்து ஒலிம்பிக்கில் இல்லை. 2028 லாஸ் ஏஞ்சல்சில்தான் முதன்முறையாக நுழைகிறது. ஒலிம்பிக்கில் இல்லாத விளையாட்டு வீண் என்று அவருடைய பெற்றோர் எண்ணியிருந்தால் நாம் யாரைக் கொண்டாடியிருப்போம்?

இனிச் சீ விளையாட்டுக்கு வருவோம். தடகளமும் நீர் விளையாட்டுகளும் அங்குக் கட்டாயம். ஏனையவற்றைத் தேர்ந்தெடுப்பதில் ஏற்று நடத்தும் நாட்டுக்குப் பெரும் பங்குண்டு. வியட்நாம் முதன்முறையாக ஏற்று நடத்திய 2003-இல் துடுப்பு நீச்சல் இடம்பெற்றது. 158 தங்கத்துடன் அந்நாடு முதலிடம் பிடித்தது. மீண்டும் அந்நாட்டில் நடந்தபோது 205 தங்கம். குறை கூறுவோர் சொல்வதில் பாதி உண்மை உண்டு. மறுபாதியையும் சொல்ல வேண்டுமல்லவா? 2001-இல் கோலாலம்பூரில் 111 தங்கத்துடன் முதலிடம் பெற்றது மலேசியா. 2017-இல் மீண்டும் நம் மண்ணில், 145 தங்கத்துடன் முதலிடம். அப்போது ஆசிரியர் அறையில் எவரும் சிரித்ததாக எனக்கு நினைவில்லை, கைதட்டினோம். 2027-இல் மீண்டும் மலேசியாதான் ஏற்று நடத்துகிறது. என்ன பேசப் போகிறோம் என்று பார்க்கிறேன்.

என்னுடைய குறை வேறு. 2003-இல் இருந்த விளையாட்டு 2009-இல் லாவோசிலும் 2011-இல் இந்தோனேசியாவிலும் இருந்தது. பிறகு காணாமற் போயிற்று. மியன்மாரில் இல்லை, சிங்கப்பூரில் இல்லை, கோலாலம்பூரில் இல்லை, பிலிப்பைன்சிலும் இல்லை. 2021-க்கான போட்டி பெருந்தொற்றால் தள்ளிப்போய் 2022 மே மாதம் வியட்நாமில் நடந்தபோதுதான் திரும்பியது. 2023-இல் கம்போடியாவிலும் இருந்தது. 2011-இல் தொலைக்காட்சியில் பார்த்து ஆசைகொண்ட 12 வயதுப் பிள்ளைக்கு அடுத்த வாய்ப்பு வரும்போது வயது 23! நடுவில் அப்பிள்ளை பயிற்சியைத் தொடர்ந்திருக்குமா? அதற்கு யார் செலவழித்திருப்பார்? விளையாட்டுப் பட்டியலைக் கடைச்சரக்குப் போல் ஏற்றி இறக்குவோர் இந்தப் பிள்ளையை எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரு விளையாட்டைச் சேர்த்தால் குறைந்தது மூன்று நான்கு போட்டிகளுக்காவது வைத்திருக்க வேண்டும் என்று கூட்டமைப்பே விதி வகுக்கலாம். பதக்க வேட்டை தானாகக் குறையும்.

நம்மவர்க்கு இது புரியாத செய்தியன்று. சுக்மா பட்டியலில் சிலம்பம் இருக்க வேண்டும் என்று உரக்கக் குரல் கொடுத்தவர்கள் நாம். பட்டியலிலிருந்து ஒரு விளையாட்டு விழுந்தால் பயிற்றுநருக்கு என்ன ஆகும், பிள்ளைகளின் உழைப்பு என்ன ஆகும் என்று நாம் அறிவோம். நமக்கு வந்தால் வலி, பிறர்க்கு வந்தால் வேடிக்கை என்றிருப்பது அழகன்று.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தந்தை என்னிடம் வந்தார். அவருடைய மகள் நீச்சல் வகுப்பில் துடுப்புகளைக் கண்டு, அதையே பழக வேண்டும் என்று அடம்பிடிப்பதாகச் சொன்னார். "இதுல என்னங்க சார் இருக்கு? ஒலிம்பிக்ல இல்ல, பள்ளிப் போட்டியிலயும் இல்ல. சான்றிதழ் கெடைக்குமா?" என்று கேட்டார். அவர்மீது எனக்குச் சினமில்லை. அரசுப் பல்கலைக்கழக நுழைவுக்கான மதிப்பெண்ணில் 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு என்று வகுத்த பின், பெற்றோர் விளையாட்டைச் சான்றிதழாகவே காண்பது இயல்பு. ஆனால், அவர் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றே: "என் மகள் நன்றாக நீந்துவாளா?" துடுப்பு நீச்சலுக்கு வெறுங்கால் நீச்சல்தான் அடிப்படை. அதன்பின் இரு துடுப்பு. அதற்கும் பின்தான் ஒற்றைத் துடுப்பு. பாதம் வளரும் வயதில் விலைமிக்க ஒற்றைத் துடுப்பை வாங்கித் தருவது பண விரயம் என்றும் அவரிடம் சொன்னேன்.

இங்கேதான் என் மனம் உறுத்துகிறது. திடலில் நம்மவர் பெயர்கள் நிறைய உண்டு. 1966 பாங்காக் ஆசிய விளையாட்டில் மூன்று தங்கம் வென்ற டாக்டர் மு. ஜெகதீசன், அதே போட்டியில் தங்கம் வென்ற மு. ராஜாமணி என்று சொல்லிக்கொண்டே போகலாம். நீரில்? நீச்சல் என்றால் வசதி படைத்தோருக்கு உரியது என்று ஒதுங்கிவிட்டோம். நாட்டிலுள்ள 500-க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் பல, தோட்டப் பள்ளிகளாகத் தொடங்கியவை. சரியான திடலே இல்லாத இடத்தில் குளத்தைப் பற்றிப் பேசுவது பகற்கனவு என்பர். ஆனால், பிள்ளைகள் நீருக்குள் இறங்காமல் இருக்கின்றனரா? விடுமுறை தோறும் ஆற்றிலும் நீர்வீழ்ச்சியிலும் கைவிடப்பட்ட ஈயக்குட்டையிலும் இறங்கத்தான் செய்கின்றனர். செய்தித்தாளில் அந்தப் பெயர்களை நாம் வாசிக்கத்தான் செய்கிறோம். வகுப்பில் காலியான ஓர் இருக்கையைப் பார்த்துக்கொண்டு பாடம் நடத்திய ஆசிரியர்கள் நம்மிடையே உள்ளனர்.

பெற்றோர்க்கு ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். காணொளியில் மூச்சடக்கி நீந்துவதைப் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் குளத்தில் "யார் அதிக நேரம் மூழ்கியிருப்பது?" என்று பந்தயம் கட்டுகின்றனர். மூழ்குமுன் வேகவேகமாக மூச்சு வாங்கினால் குருதியில் கரியமில வாயு குறைகிறது. மூச்சுவிட வேண்டும் என்னும் உந்துதலை எழுப்புவது அவ்வாயுதான். உந்துதல் வராமலேயே உயிர்வளி தீர்ந்து, நீருக்குள் நினைவு தப்பிவிடும். நன்கு நீந்தத் தெரிந்தவர்களுக்கும் இது நேர்கிறது; நெஞ்சளவு நீரிலும் நேர்கிறது. போட்டி வீரர்கள் தனியே பழகுவதில்லை. பக்கத்தில் கண்காணிப்பவர் இல்லாமல் மூச்சடக்கிப் பழகக் கூடாது என்பது அவர்களுக்கு முதற்பாடம். கடற்கன்னி வால் வாங்கித் தந்த தாய்மார்களும் இதனைக் கவனிக்க வேண்டுகிறேன். கால்கள் இரண்டும் கட்டப்பட்ட பிள்ளையால் நினைத்தவுடன் எழுந்து நிற்க முடியாது.

என் வேண்டுகோள் சிறியது. ஆண்டுக்கொரு முறை நீர்க்கேளிக்கைப் பூங்காவுக்குப் பேருந்து அமர்த்தும் பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள், அச்செலவில் ஒரு பகுதியை நகராண்மைக் கழக நீச்சற்குளத்துக்கும் தகுதி பெற்ற பயிற்றுநருக்கும் ஒதுக்கலாம். நான்காம் ஆண்டு மாணவர்களிடமிருந்து தொடங்கலாம். அறிவிப்பு வந்து 2021 முதல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வும் இல்லையே, சனிக்கிழமை மேலதிக வகுப்பு என்னும் சாக்கும் குறைந்துவிட்டது! பெண்பிள்ளைகளின் உடை குறித்துத் தாய்மார்கள் தயங்கினால், உடலை முழுதும் மூடும் நீச்சலுடை கடைகளில் கிடைக்கிறது.

அந்தத் தந்தையின் மகள் இப்போது இடைநிலைப்பள்ளியில் பயில்கிறாள். துடுப்பு வாங்கவில்லை, 200 மீட்டர் நிற்காமல் நீந்துகிறாளாம். தம்பிக்கும் அவளே கற்றுக்கொடுப்பதாகத் தந்தை சொன்னார். உங்கள் பள்ளியில் நீச்சல் வகுப்பு நடத்தியிருந்தால், செலவு எவ்வளவு ஆயிற்று, போக்குவரத்துக்கு என்ன செய்தீர்கள் என்பதை எனக்கு எழுதுங்கள். அடுத்த சங்கக் கூட்டத்தில் கணக்கோடு பேச அது உதவும்.