செவியில் வாழும் கவிதை



பங்குத் திருவிழாக் கலை நிகழ்ச்சிக்குப் பெயர் கொடுக்க வந்த கல்லூரி இளைஞர் ஒருவர் நம்மிடம், "சாமி, நான் கவிதையைத் தாளைப் பார்த்து வாசிக்கப் போவதில்லை, மேடையில் நின்று நடித்துச் சொல்லப் போகிறேன். இது வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் புதுக் கலை" என்றார்.

அவர் கூறியதில் பாதி உண்மை. 1986ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டின் சிக்காகோ நகரில், கட்டடத் தொழிலாளியாயிருந்த மார்க் ஸ்மித் என்னும் கவிஞர், இசை விடுதி ஒன்றில் கவிதைப் போட்டி நடத்தலானார். கவிஞர் மேடையேறித் தம் கவிதையைச் சொல்வார். கேட்க வந்தவர்களுள் சிலரே மதிப்பெண் இடுவர். இம்முறை இன்று பல நாடுகளிலும் பரவியிருக்கிறது. எனினும், கவிதை அன்றுதான் வாய் திறந்தது என்று எண்ணிவிடலாகாது.

அதற்குப் பதினைந்து ஆண்டுகள் முன்பே, 1971இல், நம் கோவை மாநகரில் 'வானம்பாடி' என்னும் கவிதை ஏடு பிறந்தது. விலையிலாக் கவிமடலாக வெளிவந்த அவ்வேட்டைச் சூழ்ந்து புவியரசு, சிற்பி, மு. மேத்தா, ஞானி, சக்திக்கனல் முதலியோர் திரண்டனர். யாப்பின் கட்டுகளைத் தளர்த்தி, எளியோர் படும் துயரைப் பொருளாக்கி அவர்கள் எழுதிய புதுக்கவிதைகள் அச்சில் மட்டும் அடங்கிக் கிடக்கவில்லை. கவியரங்க மேடைகளிலும் முழங்கின. இவை கவிதையல்ல, உரத்த மேடைப் பேச்சு என்று குறை கூறிய திறனாய்வாளர்களும் உண்டு. அக்குறையில் உண்மை அறவே இல்லை என்போமல்லோம். ஆயினும், கண்ணுக்கென எழுதிய கவிதைக்குரிய அளவுகோலைக் கொண்டு, செவிக்கெனச் செய்த கவிதையை அளப்பது முறையாகுமா?

கவியரங்கில் கவிஞர் ஓர் அடியைச் சொல்லுவார். அவ்வடியையே மீண்டும் ஒருமுறை சொல்லுவார். தாளில் அது வீண் சொல்லாகத் தோன்றும். தாளைப் படிப்பவர் வேண்டும்போது கண்ணைப் பின்னோக்கித் திருப்பலாம். செவிக்கு அவ்வசதி இல்லை. ஆதலின் கவிஞரே திரும்பி வருகிறார்.

இவ்வழக்கம் எங்கே வேரூன்றியது என்பதைக் கொங்கு நாட்டில் உடுக்கடிப் பாட்டுக் கேட்டவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பொன்னர், சங்கர் என்னும் அண்ணன்மாரின் கதையை இரவு இரவாகப் பாடுவர். முன்பாட்டுக்காரர் ஓர் அடியை விடுக்க, பின்பாட்டுக்காரர் அதனை ஏற்றுத் திருப்பிப் பாடுவார். கேட்போர் நெஞ்சில் முன்னடி தங்குவதற்கும், பாடுவோர் நாவில் அடுத்த அடி ஊறுவதற்கும் அச்சிறு இடைவேளை உதவும். இவ்விரு மரபுகளுக்கும் உள்ள உறவு நம் கற்பனையன்று. வானம்பாடிக் கவிஞராகிய சக்திக்கனல் அவர்களே 'அண்ணன்மார் சுவாமி கதை'யைப் பதிப்பித்து அச்சேற்றினார்.

கனடா நாட்டு மானிடவியல் அறிஞர் பிரெண்டா பெக் அம்மையார், 1965இல் காங்கயம் வட்டாரச் சிற்றூர் ஒன்றில் தங்கி, அக்கதையை ஊரார் கூடிய பாட்டரங்கில் 18 இரவுகள் ஒலிநாடாவில் பதிவு செய்தார். அதே பாடகர், ஊரார் இல்லாத இடத்தில், கதையைச் சொல்லி எழுதுவித்த வடிவமும் அவருக்குக் கிடைத்தது. இரண்டும் ஒன்றாயிருக்கவில்லை. ஆம், பாடுபவர் தனியே நின்று வாய்மொழிக் கவிதையை ஆக்குவதில்லை; கேட்பவரும் அதில் பங்காளியே.

இதனை எழுதும்போது நம் பழைய பிழையொன்று நெஞ்சில் உறுத்துகிறது. குருப்பட்டம் பெற்ற இரண்டாம் ஆண்டு, கிளைக் கிராமமொன்றில் துக்க வீட்டுக்குச் சென்றோம். இறந்தவரின் மனைவியார், எழுத்தறியாத மூதாட்டி, ஒப்பாரி சொல்லிக்கொண்டிருந்தார். கணவர் வெட்டிய கிணறு, ஓட்டிய எருது, பஞ்சத்தில் விற்ற நிலம் என அம்மனிதரின் வாழ்க்கை முழுவதும் அப்பாட்டில் வரிசையாய் வந்துகொண்டிருந்தது. சூழ்ந்திருந்த பெண்கள் அடிக்கு அடி குரல் கொடுத்தனர். குருமடத்திலிருந்து புதிதாய் வந்த நாமோ, இது ஒழுங்கற்ற கூக்குரல் எனக் கருதி, கையமர்த்திச் செபமாலையைத் தொடங்கினோம். மூதாட்டி அடங்கிப்போனார். செபித்தது பிழையன்று, அவர் முடிக்கும்வரை காத்திராததே பிழை. சில ஆண்டுகள் சென்று அவரும் இறந்தபோது, அவருக்கென ஒப்பாரி சொல்ல அவ்வூரில் ஒருவரும் இல்லை என்று உபதேசியார் கூறினார். ஒரு நூலகத்தின் கதவை நாமே சாத்திவிட்டோம் என்பது அன்றுதான் நமக்குப் புலனாயிற்று.

இவற்றையெல்லாம் அவ்விளைஞருக்குச் சொல்லி, "உம் பாட்டியாரிடம் ஒரு மாலைப் பொழுது உட்கார்ந்து கேளும்" என்றோம். திருவிழா இரவில் அவர் தாளின்றி, கைப்பேசியின்றி மேடையில் நின்றார். பாட்டியார் களை பறிக்கையில் பாடிய மெட்டொன்றை நடுவே வைத்துத் தம் கவிதையைச் சொன்னார். ஓரிடத்தில் அடி மறந்து திகைத்தபோது, முன்வரிசையில் அமர்ந்திருந்த பாட்டியார் எழுந்து அவ்வடியை எடுத்துக் கொடுத்தார். கூட்டம் சிரித்தது, பின்னர் அந்த அடியைத் தானும் திருப்பிச் சொன்னது.

வாசக அன்பர்களே! உங்கள் இல்லத்துப் பெரியோர் அறிந்த தாலாட்டையும் நடவுப் பாட்டையும் ஒப்பாரியையும் கைப்பேசியில் பதிந்து வையுங்கள், அது நல்லதே. ஆனால் அதனோடு நின்றுவிடாதீர்கள். பதிவு குரலைக் காக்கும். பாட்டைக் காப்பது பயின்ற நாவும் கேட்கும் செவியுமே. கோவை மாவட்டத்து வள்ளி ஒயில் கும்மிக் கலைஞர் பத்ரப்பன், பெண்களுக்கும் அக்கலையைப் பயிற்றுவித்தவர். 2024இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவர் வழியே அது பலர் கால்களிலும் நாவிலும் ஏறியிருக்கிறது.

இன்றிரவு உணவுக்குப்பின், தொலைக்காட்சியைச் சற்றே நிறுத்திவிட்டு, பாட்டியாரை ஒரு பாட்டுச் சொல்லக் கேளுங்கள். அவர் முடிக்கும்வரை காத்திருங்கள்.