கொடுத்த கையும் பிடித்த கையும்

2024 டிசம்பரில் இந்தியா சிமெண்ட்ஸ் கம்பெனி அல்ட்ராடெக் வசம் போனது. 1946-ல் எஸ்.என்.என். சங்கரலிங்க ஐயரும் டி.எஸ். நாராயணசாமியும் தொடங்கிய கம்பெனி அது. நாராயணசாமியின் மகன் என். சீனிவாசன் அதன் தலைமைப் பொறுப்பிலிருந்து இறங்கினார். ஆலை கைமாறினாலும் சென்னை சூப்பர் கிங்ஸ் அணி அவர் குடும்பத்தை விட்டுப் போகவில்லை. எண்பதைத் தொட்டுவிட்ட ஒரு கிரிக்கெட் முதலாளியின் கணக்கைப் போட்டுப் பார்க்க இது தோதான நேரம்.

சேப்பாக்கத்துக் காலரியைக் கேட்டால், ஐந்து ஐபிஎல் கோப்பைகள் வாங்கித் தந்தவர் என்பார்கள். உச்ச நீதிமன்றப் பதிவேட்டைப் புரட்டினால், கிரிக்கெட் வாரியத் தேர்தலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் என்று இருக்கும். இரண்டையும் தராசில் வைத்து, நல்லது இவ்வளவு, கெட்டது இவ்வளவு என்று நிறுத்துப் பார்ப்பதுதான் வழக்கம். ஆனால் இரண்டும் வேறு வேறு சரக்கு அல்ல.

சென்னைக் கிரிக்கெட் எப்போதுமே புரவலர்களின் நிழலில் வளர்ந்தது. வெள்ளையர் கிளப்பில் இந்தியருக்கு இடமில்லாத காலத்தில், 1888-ல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கியவர் புச்சிபாபு நாயுடு. சேப்பாக்கம் மைதானம் தொழிலதிபர் எம்.ஏ. சிதம்பரத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் மகன் ஏ.சி. முத்தையா தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்துக்கும், பிறகு இந்திய கிரிக்கெட் வாரியத்துக்கும் தலைவரானார். அந்த வரிசையில் 2002-ல் சங்கத்தைக் கைப்பற்றியவர் சீனிவாசன்.

சென்னை லீக் ஓடுவதே கம்பெனிகளால்தான். கல்லூரி முடித்த பையனுக்கு வேலை போட்டுக்கொடுத்து, ஆட விடுமுறையும் கொடுத்து, மாதம் பிறந்தால் சம்பளம் தருவார்கள். ராகுல் டிராவிட், அஸ்வின் போன்றவர்கள் இந்தியா சிமெண்ட்ஸ் பணியில் இருந்தவர்கள். பெயர் தெரியாமல் போன லீக் ஆட்டக்காரர்கள் எத்தனையோ பேர் வீட்டில் அந்தச் சம்பளத்தால் அடுப்பு எரிந்திருக்கிறது. சங்கத் தேர்தலில் ஓட்டுப் போடுவது கிளப்புகள். கிளப்புக்குப் படியளப்பது கம்பெனி. நிறைய கிளப்புகளைத் தாங்குகிறவர் பக்கம் ஓட்டும் சாயும்.

இந்தக் கணக்கை, நெசவு ஊரான சேவூரின் தறிக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். பாவும் ஊடையும் ஜரிகையும் முதலாளி வீட்டிலிருந்து வருகின்றன. கல்யாணம், காதுகுத்து, ஆஸ்பத்திரிச் செலவு என்றால் முன்பணமும் அங்கிருந்துதான். சமயத்தில் அது பெரிய உதவி, அதில் சந்தேகமில்லை. அந்தப் பாக்கி தீரும்வரை இன்னொரு முதலாளிக்குத் தறி ஓட்ட முடியாது, கூலியை உயர்த்திக் கேட்க வாய் வராது என்பதிலும் சந்தேகமில்லை. கொடுத்த கைதான் பிடித்த கையும்.

சீனிவாசன் கதையில் அந்தப் பிடி எங்கே இறுகியது என்பதை ஒரே விதியில் காட்டலாம். 2008 ஜனவரியில் 9.1 கோடி டாலருக்குச் சென்னை அணியை இந்தியா சிமெண்ட்ஸ் வாங்கியபோது அவர் இந்திய வாரியத்தின் பொருளாளர். வாரிய நிர்வாகி எவருக்கும் வாரியம் நடத்தும் ஆட்டங்களில் வணிக ஆதாயம் இருக்கக் கூடாது என்றது விதி 6.2.4. அதே ஆண்டு செப்டம்பரில் அந்த விதி திருத்தப்பட்டது. ஐபிஎல்லும் சாம்பியன்ஸ் லீகும் அதற்கு விலக்கு என்று ஆயிற்று. அணியை முதலில் வாங்கினார்கள். அனுமதி பின்னால் வந்தது. எதிர்த்து நீதிமன்றம் போனவர், பழைய புரவலரின் மகன் முத்தையா.

அதற்குப் பிறகு வாரியம் எது, வீடு எது என்ற வரப்பே அழிந்தது. ஆஸ்திரேலியத் தோல்விக்குப் பின் 2012-ல் தோனியை ஒருநாள் அணிக் கேப்டன் பதவியிலிருந்து இறக்கத் தேர்வாளர்கள் முடிவெடுத்தார்கள். வாரியத் தலைவராகத் தமக்குள்ள அதிகாரத்தால் அதைத் தடுத்ததாகப் பின்னாளில் சீனிவாசனே சொன்னார். தோனி அவருடைய சொந்த அணிக்கும் கேப்டன். 2013 மே மாதம் மருமகன் குருநாத் மெய்யப்பன் சூதாட்டப் புகாரில் கைதானார். அவர் அணியின் உரிமையாளர் அல்ல, நிர்வாகக் குழுவின் கௌரவ உறுப்பினர் மட்டுமே என்று கம்பெனி அறிக்கை விட்டது. புகாரை விசாரிக்க உச்ச நீதிமன்றம் அமைத்த முத்கல் குழு அதை ஏற்கவில்லை. 2015 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் 6.2.4 திருத்தத்தைச் செல்லாது என்றது. சீனிவாசன் மூடி மறைத்தார் என்பது நிரூபணமாகவில்லை என்றும் அதே தீர்ப்பு சொன்னது. அந்த ஜூலையில், தண்டனையை முடிவுசெய்ய நீதிமன்றம் அமைத்த லோதா குழு அணிக்கு இரண்டாண்டு தடை விதித்தது.

நியூயார்க் யாங்கீஸ் பேஸ்பால் அணியை 1973-ல் வாங்கிய ஜார்ஜ் ஸ்டெயின்பிரென்னரும் இருமுறை தடை வாங்கியவர். தன் ஆட்டக்காரர் டேவ் வின்ஃபீல்டின் குறைகளைத் தோண்ட ஒரு சூதாட்டக்காரருக்கு 40,000 டாலர் கொடுத்ததற்காக 1990-ல் வெளியேற்றப்பட்டார். பில்லி மார்ட்டின் என்ற ஒரே மேனேஜரை ஐந்து முறை வேலையிலிருந்து அனுப்பியவர் அவர். நம்மவர் அந்த விஷயத்தில் நேர் எதிர். தோனியையும் பயிற்சியாளர் பிளெமிங்கையும் ஆண்டுக்கணக்கில் தொடவே இல்லை. டிரெஸ்ஸிங் ரூமில் அவ்வளவு பொறுமை காட்டியவர், கமிட்டி அறையில் விதியையே வளைத்தார். ரசிகர்களின் கண்ணில் முதலாவதுதான் பட்டது. 2018-ல் காவிரிப் போராட்டத்தால் ஆட்டங்கள் புனேவுக்குப் போனபோது, ரயிலேறிப் பின்னாலேயே போன கூட்டத்துக்கு 6.2.4 ஒரு பொருட்டல்ல. தடை முடிந்து திரும்பிய அந்த ஆண்டே கோப்பையும் வந்தது.

2016-ல் தமிழ்நாடு பிரீமியர் லீக் சீனிவாசன் காலத்தில்தான் பிறந்தது. சேலம் சின்னப்பம்பட்டியிலிருந்து நடராஜன் இந்திய அணிவரை போக அந்த மேடையும் ஒரு காரணம். அதை மறுப்பது நன்றிகெட்டதனம். ஆனால் 2019-ல் சங்கத்தின் தலைமைக்கு வந்தவர் அவர் மகள் ரூபா குருநாத். 2021-ல் வாரியத்தின் நெறிமுறை அதிகாரி அவரிடமும் அதே ஆதாய முரணைக் கண்டார். ஆண்டு முடிவதற்குள் அவர் விலகினார். பதிமூன்று ஆண்டுகள், ஒரு தீர்ப்பு, ஒரு தடை எல்லாம் தாண்டியும் குறை அதே இடத்தில் முளைத்தது. அப்படியானால் அது ஒரு மனிதரின் குணத்தில் மட்டும் இருந்த குறை அல்ல.

நெசவாளர் கூட்டுறவு பிறந்ததே, இன்னும் நல்ல முதலாளி கிடைப்பார் என்ற நம்பிக்கை போதாது என்பதால்தான். கோ-ஆப்டெக்ஸ் 1935-லேயே வந்துவிட்டது. கூட்டுறவிலும் ஆள்பிடிப்பு உண்டு. ஆனாலும் அங்கே கேட்க வேண்டிய கேள்வி, தலைவர் தங்கமானவரா என்பதல்ல, கணக்குப் புத்தகம் யார் கையில் என்பது. கிரிக்கெட்டில் நாம் இன்னும் முதல் கேள்வியிலேயே நிற்கிறோம். சீனிவாசன் நல்லவரா கெட்டவரா என்ற பட்டிமன்றத்தில் எந்தக் கட்சி ஜெயித்தாலும் அடுத்த முதலாளிக்கு நஷ்டமில்லை. கிளப்பின் ஓட்டு கம்பெனியின் பையில் இருக்கும்வரை, தனக்கு வேண்டியபடி விதியைத் திருத்த அவருக்கும் வழி திறந்தே இருக்கும்.