மூச்சுக்கும் முடிவுக்கும் இடையே

காலை எட்டரை மணிக்கு ஈஜிபுரா சந்திப்பைக் கடந்து பழகியவர்களுக்குப் பொறுமை என்னும் சொல்லின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை. 2017ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட, ஏறத்தாழ இரண்டரை கிலோமீட்டர் நீளமுள்ள மேம்பாலத்தின் தூண்கள் இங்கே பல ஆண்டுகள் கூரையில்லாத மண்டபம்போல் நின்றன. அவற்றின் நடுவே பேருந்துகளும் ஆட்டோக்களும் பள்ளி வேன்களும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு ஊர்ந்தன. அவ்வழியே நாள்தோறும் இருசக்கர வாகனத்தில் கிளைக்குச் சென்றவன் நான். வீட்டை விட்டுப் புறப்படும்போது இருந்த மனநிலை, கிளையின் படியேறும்போது இருந்ததில்லை. அந்த எரிச்சலை நான் யாரிடம் கொண்டுபோய் இறக்கிவைத்தேன் என்பதைச் சொல்லாமல் இக்கட்டுரையைத் தொடங்குவது நேர்மையாகாது.

2023ஆம் ஆண்டு நவம்பர் மாதம். ஓய்வூதியர்கள் வாழ்நாள் சான்றிதழ் அளிக்கும் மாதம் அது. மத்திய அரசுத் துறையொன்றில் பணியாற்றி ஓய்வுபெற்ற தமிழ்ப் பெரியவர் ஒருவர் என்முன் அமர்ந்திருந்தார். அகவை எழுபத்தைந்தைக் கடந்தவர். அவருடைய கைரேகையைக் கருவி ஏற்கவில்லை. மூன்று முறை வைத்துப் பார்த்தோம். நான்காம் முறையும் ஏற்காதபோது, வரிசையில் நின்றவர்கள் அனைவரும் கேட்கும்படி, "விரலைச் சரியாக வையுங்கள் ஐயா, எத்தனை முறை சொல்வது!" என்று குரலை உயர்த்திவிட்டேன்.

அவர் சினம் கொள்ளவில்லை. கையை மெல்ல எடுத்துக்கொண்டு என்னை நோக்கினார். "தம்பி, என் விரல் தேய்ந்துபோயிற்று, அது வயதின் குற்றம். உங்கள் முகம் ஏன் இப்படிச் சிவந்திருக்கிறது? முதலில் ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். நான் காத்திருக்கிறேன்" என்றார்.

அன்று தண்ணீர் குடித்தேன். வேறு விரலை வைத்ததும் கருவி ஏற்றுக்கொண்டது. வெட்கம் மட்டும் நெஞ்சை விட்டு அகலவில்லை. அடுத்த வாரம் மருத்துவரிடம் சென்றேன். இரத்த அழுத்தம் 150க்கு 100 என்றார். மாத்திரை எழுதிக்கொடுத்தார், உப்பைக் குறைக்கச் சொன்னார், நாள்தோறும் நடக்கச் சொன்னார்.

நான் வணிகவியல் படித்தவன். கணக்கியலில் எங்களுக்குக் கற்பிக்கப்படும் தொடக்கப் பாடங்களுள் ஒன்று தேய்மானம். எந்த இயந்திரமும் ஓட ஓடத் தேயும். ஆகவே அந்தத் தேய்வை ஆண்டுதோறும் கணக்கில் எழுதி, இலாபத்தில் ஒரு பகுதியை நிறுத்திவைக்கும் நிறுவனமே நிலைக்கும். கடன் கேட்டு வரும் நிறுவனங்களின் ஐந்தொகையில் தேய்மானம் முறையாகக் கழிக்கப்பட்டுள்ளதா என்று பார்த்துப் பார்த்தே இருபது ஆண்டுகளைக் கழித்த நான், என் உடலுக்கும் மனத்துக்கும் ஒரு காசும் ஒதுக்கி வைத்திருக்கவில்லை. நம்மில் பலருடைய நிலையும் இதுவே. துன்பம் வந்த பிறகு அமைதியைத் தேடுகிறோம். தீப்பற்றிய பின் காப்பீட்டு அலுவலகத்தைத் தேடுவதற்கும் இதற்கும் வேறுபாடில்லை.

சில நாள்கள் கழித்து அப்பெரியவரைத் தேசிய விளையாட்டுக் கிராமக் குடியிருப்பின் அருகே காலை நடையில் கண்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைப் பொருட்படுத்தவில்லை. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக யோகப் பயிற்சி செய்துவருவதாகக் கூறினார். முதுமையில் முழங்கால் மடங்காமற்போனதால் நாற்காலியில் அமர்ந்தபடியே செய்கிறாராம். "நாற்காலி யோகாவா?" என்று நான் சிறிது ஏளனமாகவே கேட்டேன். "ஐயங்கார் நாற்காலியை வைத்துத்தானே கற்பித்தார்!" என்று சிரித்தார்.

அவர் குறிப்பிட்ட பி.கே.எஸ். ஐயங்காரின் வாழ்க்கையை அதன் பிறகே தேடிப் படித்தேன். 1918ஆம் ஆண்டு, உலகையே இன்ஃபுளுவென்சா உலுக்கிக்கொண்டிருந்தபோது, கோலார் மாவட்டம் பெள்ளூரில் பிறந்தவர் அவர். தாய் அந்நோயால் தாக்குண்டிருந்த வேளையில் பிறந்த குழந்தை. இளமையில் மலேரியா, டைஃபாய்டு, காசநோய் என ஒன்று மாற்றி ஒன்று அவரை வருத்தின. ஒன்பது வயதளவில் தந்தையை இழந்தார். பதின்ம வயதில் மைசூரில் இருந்த தம் அக்காள் கணவர் கிருஷ்ணமாச்சாரியாரிடம் யோகம் பயிலத் தொடங்கினார். 1937இல் புனே சென்று கற்பிக்கலானார். 2014இல் மறைந்தபோது அவருக்கு வயது 95. நாற்காலி, மரக்கட்டை, கயிறு, இடைவார் போன்ற எளிய பொருள்களின் துணையால் முதியவரும் நோயுற்றவரும் ஆசனம் செய்ய வழிகண்டது அவருடைய பெருந்தொண்டு. வளையாத உடலின் வலியைத் தாமே அறிந்திருந்த ஒருவரிடமிருந்து அவ்வழி பிறந்தது வியப்பன்று.

அப்பெரியவர் எனக்குக் கற்றுத்தந்தது ஓர் ஆசனம்கூட அன்று; மூச்சை விடுவதுதான். முதுகை நிமிர்த்தி அமர வேண்டும். நான்கு எண்ணும் அளவுக்கு மூச்சை உள்ளிழுத்து, ஆறு எண்ணும் அளவுக்கு மெல்ல வெளியிட வேண்டும். இடையில் அடக்கி நிறுத்த வேண்டியதில்லை. பத்து நிமிடம் போதும்.

இதில் மறைபொருள் எதுவும் இல்லை. மணிக்கட்டில் விரலை வைத்து நாடியைக் கவனித்தால் பலரும் இதை உணரலாம். மூச்சு உள்ளே செல்லும்போது இதயத் துடிப்பு சற்றே விரையும். வெளியேறும்போது சற்றே தணியும். மூளையிலிருந்து இறங்கி இதயத்தையும் குடலையும் தொடும் வேகஸ் நரம்பின் செயல் அது. அச்சம் வரும்போது உடல் ஓடுவதற்கும் போரிடுவதற்கும் ஆயத்தமாகிறது. துடிப்பு எகிறுகிறது, மூச்சு மேலோட்டமாகிறது, ஆராய்ந்து பார்க்கும் அறிவு பின்னுக்குத் தள்ளப்படுகிறது. இதயத்தை நிறுத்தி நிதானிக்க நம்மால் இயலாது. மூச்சை மட்டும் நம் விருப்பப்படி மெதுவாக்க இயலும். நம் கையில் உள்ள அந்த ஒரு சாவியை நாள்தோறும் திருப்பிப் பழகுவதே பயிற்சி.

இதன் மதிப்பு எத்தகையது என்பதை 2024ஆம் ஆண்டின் இறுதியில் கண்டேன். 'டிஜிட்டல் கைது' என்னும் மோசடி நாடெங்கும் பரவியிருந்த காலம். அக்டோபர் 27 அன்று பிரதமர் தம் வானொலி உரையில், அப்படியொரு கைது முறை சட்டத்தில் இல்லை என்பதை விளக்கி, 'நில், சிந்தி, செயல்படு' என்று மக்களுக்கு அறிவுறுத்தியிருந்தார். பெங்களூரிலும் படித்தவர்களும் உயர்பதவி வகித்தவர்களும் பெருந்தொகைகளை இழந்த செய்திகள் நாளேடுகளில் வந்தவண்ணம் இருந்தன.

ஒரு முற்பகல், அதே பெரியவர் கிளைக்கு வந்தார். முகம் வெளிறியிருந்தது. காவல்துறைச் சீருடையில் ஒருவர் காணொளி அழைப்பில் தோன்றி, அவர் பெயரில் அனுப்பப்பட்ட பொதியில் போதைப்பொருள் அகப்பட்டிருப்பதாகவும், வைப்புத்தொகை முழுவதையும் 'சரிபார்ப்புக்காக' ஒரு கணக்குக்கு மாற்றாவிட்டால் கைது செய்வதாகவும் மிரட்டியிருக்கிறார். அழைப்பைத் துண்டிக்கக் கூடாது, எவரிடமும் பேசக் கூடாது என்பது நிபந்தனை.

"பயப்படவில்லையா ஐயா?" என்று கேட்டேன்.

"பயந்தேன் தம்பி. கை நடுங்கிற்று. பழக்க தோஷத்தால் மூச்சை எண்ணத் தொடங்கினேன். எண்ணிக்கொண்டிருக்கையில் ஒரு கேள்வி எழுந்தது. உண்மையான காவலர் என்றால், என் மகனிடம் பேசக் கூடாது என்று ஏன் சொல்ல வேண்டும்? அழைப்பை வைத்துவிட்டு நேரே இங்கே வந்தேன்."

அவருடைய வாழ்நாள் சேமிப்பு முழுவதும் அந்தச் சில மூச்சுகளின் இடைவெளியில் தப்பியது. மோசடிக்காரர் நம்மிடமிருந்து முதலில் பறிப்பது பணத்தையன்று, அவகாசத்தை. 'இப்போதே, இந்த நொடியே, யாரிடமும் சொல்லாமல்' என்பது அவர்களின் ஆயுதம். அவகாசத்தை மீட்டுக்கொண்டவர் பெரும்பாலும் பணத்தையும் காத்துக்கொள்கிறார். அச்சத்தில் ஏமாந்தவர்களை நான் குறை கூறவில்லை. அச்சமூட்டுவதையே தொழிலாகப் பழகியவர்முன் எவரும் தடுமாறலாம். குற்றம் ஏமாற்றியவருடையதே. பணம் போய்விட்டாலும் வெட்கப்பட்டு ஒளியாமல், உடனே 1930 என்னும் எண்ணுக்கு அழைத்து, கிளைக்கும் தெரிவிக்க வேண்டும். விரைவாகத் தெரிவித்தால் தொகையை முடக்கி மீட்கும் வாய்ப்புக் கூடுதல். அந்த நேரத்திலும் தேவைப்படுவது தெளிவுதான்.

ஆகவே என் கருத்து இது: அமைதி என்பது துன்பமற்ற நிலையன்று, நிகழ்ச்சிக்கும் நம் செயலுக்கும் நடுவே நாம் உண்டாக்கிக்கொள்ளும் இடைவெளி. அது பண்டிகை நாளில் ஒருமுறை வாங்கும் பொருளன்று. தொடர்வைப்புக் கணக்குப்போல் சிறுகச் சிறுகச் சேர்வது. திருவள்ளுவர் 'இடுக்கண் அழியாமை' என்று ஓர் அதிகாரமே, அறுபத்து மூன்றாவதாக, வகுத்தார். இடுக்கண் வாராமை என்று அவர் தலைப்பிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதனோடு ஓர் எச்சரிக்கையும் தேவை. அமைதி வேறு, அடங்கிப்போதல் வேறு. சாலை சீராகவில்லை என்றால் முறையிட வேண்டும். வங்கிச் சேவையில் குறையிருந்தால் எழுத்தில் புகார் தர வேண்டும். 'மூச்சை இழுத்துவிட்டுப் பொறுத்துக்கொள்' என்று பாதிக்கப்பட்டவருக்கு உபதேசிப்பதற்கு யோகம் பயன்படக் கூடாது. நிதானமாக எழுதப்பட்ட புகார், கொதிப்பில் எழுதப்பட்டதைவிட வலிமையானது என்பதைப் புகார்க் கடிதங்களைப் படிக்கும் இருக்கையில் அமர்ந்தவன் என்ற முறையில் உறுதியாகச் சொல்வேன்.

அவ்வாறே, யோகம் மருத்துவத்துக்கு மாற்றன்று. என் மாத்திரையை நான் நிறுத்தவில்லை. அளவை மாற்றுவதும் மருத்துவரின் வேலை. இரத்த அழுத்தம், இதய நோய், கண் அழுத்த நோய் உடையோர் தலைகீழ் ஆசனங்களையும் மூச்சடக்கும் பயிற்சியையும் காணொளி பார்த்துத் தாமே முயலலாகாது. இயற்கையானது என்பதாலேயே எல்லாக் கஷாயமும் எல்லோருக்கும் ஏற்றதாகிவிடாது. மனச்சோர்வு நாள்பட நீடித்தால் நாற்காலியில் அமர்ந்து மூச்சு எண்ணினால் மட்டும் போதாது. நம் ஈஜிபுராவிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவிலேயே நிம்ஹான்ஸ் உள்ளது. 14416 என்னும் டெலி மானஸ் எண்ணில் இருபத்து நான்கு மணி நேரமும் கட்டணமின்றித் தமிழிலும் பேசலாம்.

மற்றபடி, என் அன்றாட ஒழுங்கு எளியது. காலையில் பத்து நிமிட மூச்சுப் பயிற்சி, அரைமணி நடை. வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை; வாரத்தில் ஐந்து நாள் நடந்தாலே அது நிறைவேறிவிடும். நாளொன்றுக்கு உப்பு ஐந்து கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பதால் ஊறுகாயும் அப்பளமும் எப்போதாவதுதான். இந்த ஊரில் களிக்கும் கூழுக்கும் பஞ்சமில்லை. காலையில் கேழ்வரகுக் கூழும் மோரும் வயிற்றுக்கு இதம். காபியின் காஃபீன் பாதியாகக் குறையவே ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆகும் என்றறிந்த பின், மாலை நான்குக்கு மேல் காபி குடிப்பதை விட்டேன். உறக்கம் தானே சீரானது. முன்னுண்டது செரித்த பின்னரே உண்க என்பதை வள்ளுவர் 'மருந்து' அதிகாரத்தில் திரும்பத் திரும்ப வலியுறுத்துகிறார்; இரவுணவை எட்டு மணிக்குள் முடிக்கிறேன்.

வங்கி அலுவலன் என்பதால் இன்னொன்றையும் இப்பட்டியலில் சேர்க்கிறேன். சில மாதச் செலவுக்கான தொகையைத் தனியே வைத்திருப்பது, கணக்குகளில் நியமனதாரரைப் பதிவுசெய்வது, வைப்பு விவரங்களை இல்லத்தார் அறியும்படி ஓரிடத்தில் எழுதிவைப்பது ஆகியனவும் மன அமைதிக்கான பயிற்சிகளே. மூச்சு நிதானமாக இருந்தாலும், மருத்துவமனை வாயிலில் கையில் பணமில்லாமல் நிற்பவருக்கு உறக்கம் வராது.

இன்றும் சாலையில் சிவப்பு விளக்கைக் கண்டால் எரிச்சல் எழத்தான் செய்கிறது. நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடுகிறேன். சில நாள்களில் அது பயன் தருகிறது. சில நாள்களில் தருவதில்லை. ஆயினும் நவம்பர் மாத வரிசையில் நிற்கும் முதியோரிடம் இப்போது குரல் உயர்வதில்லை.

வாடிக்கையாளர் பெருமக்களே, பதற்றத்தோடு எங்கள் கிளைக்கு வர நேர்ந்தால் முதலில் அமருங்கள், அதன்பின் கேளுங்கள். எந்தப் பரிமாற்றமும் பத்து நிமிடம் தாமதித்தால் கெட்டுவிடாது. எதிரே இருக்கும் அலுவலரின் முகம் சிவந்திருந்தால், தண்ணீர் குடிக்கச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்.