சொட்டு நீர்: கடைமடையை அளந்த பிறகே கையெழுத்து

சொட்டு நீர்ப் பாசனம் நல்லதா, கெட்டதா என்ற விவாதம் நம் விவசாயிகளிடையே ஓய்ந்து பல ஆண்டுகள் ஆகின்றன. கிணற்றில் நீர்மட்டம் இறங்க இறங்க, அந்த விவாதம் தானாகவே முடிந்துவிட்டது. இப்போது கேட்க வேண்டிய கேள்வி வேறு. சொட்டு நீர் அமைத்த தோட்டங்கள் சிலவற்றில், இரண்டு மூன்று ஆண்டுகளுக்குள் லேட்டரல் குழாய்களைச் சுருட்டி வேலியோரத்தில் போட்டுவிட்டு, மறுபடியும் வாய்க்காலில் நீர் பாய்ச்சுகிறார்களே, அது ஏன்?

கேட்டால், "நம்ம மண்ணுக்கு இது சரிப்பட்டு வரலீங்க" என்பார்கள். மண்ணின் மேல் பழி போடுவது எளிது. ஆனால் அப்படிப்பட்ட தோட்டங்களில் நின்று குழாயையும் வால்வையும் தொட்டுப் பார்த்தால், பெரும்பாலும் குற்றம் மண்ணில் இல்லை, முறையிலும் இல்லை. குழாய் பதித்த அந்த இரண்டு நாட்களில்தான் இருக்கிறது. இதை விவசாயிகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

வாய்க்கால் பாசனத்தில் விவசாயிதான் பொறியாளர். மண்வெட்டியுடன் வரப்பில் நின்று, எந்த மடையில் நீர் தேங்குகிறது, எங்கே உடைப்பு, கடைசிப் பாத்திக்கு நீர் எட்டியதா என்று கண்ணாலேயே பார்த்துவிடுகிறார். யாரும் அவரை ஏமாற்ற முடியாது. சொட்டு நீரில் நிலைமை அப்படி அல்ல. மெயின் குழாயும் சப்மெயின் குழாயும் மண்ணுக்குள் போய்விடுகின்றன. லேட்டரல் குழாயில் சொட்டுவான்கள் எல்லாமே சொட்டுவது போலத்தான் தோன்றும். முதல் செடிக்கு மணிக்கு 4 லிட்டரும் கடைசிச் செடிக்கு இரண்டரை லிட்டரும் விழுந்தால், அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஆறு மாதம் கழித்துக் கரும்பின் உயரத்தில் தெரியும். அப்போது குழாய் பதித்த ஆட்கள் வேறு மாவட்டத்தில் இருப்பார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. நகரங்களில் பெரிய வீடுகளின் முன்னே புல்தரைக்கும் பூச்செடிகளுக்கும் தெளிப்பான் அமைத்துக் கொடுக்கிறார்கள். வேலை முடிந்ததும் ஒவ்வொரு தெளிப்பானையும் இயக்கிக் காட்டி, மூலையில் நனையாத இடம் இருந்தால் அதையும் சரி செய்துவிட்டுத்தான் பணம் வாங்குகிறார்கள். ஏனென்றால் பணம் கொடுப்பவர் எதிரில் நிற்கிறார். நம் தோட்டத்தில் பணம் கொடுப்பது அரசு. தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதமும் மற்றவர்களுக்கு 75 சதவீதமும் மானியம் கிடைக்கிறது. இது நல்ல திட்டம். அதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. ஆனால் "இலவசமாக வந்தது, கேள்வி கேட்கலாமா?" என்று விவசாயி தயங்குகிறாரே, அதுதான் தவறு. கருவி இலவசமாக இருக்கலாம். அதை நம்பி வைத்த பயிர் இலவசம் அல்ல. கரணைக்கும் உரத்துக்கும் ஆள் கூலிக்கும் வாங்கிய கடனை அரசு கட்டப் போவதில்லை. தவிர, ஒரு முறை மானியம் பெற்ற நிலத்துக்கு மறுமுறை பெற 7 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். தவறாகப் பதித்த குழாயுடன் 7 ஆண்டுகள் குடும்பம் நடத்துவது எளிதல்ல.

பம்ப் செட்டை அளந்தார்களா?

குறைகளில் தலையாயது, பம்ப் செட் தரும் நீரை அளக்காமலேயே வரைபடம் போடுவதுதான். "மோட்டார் எத்தனை குதிரைத் திறன்?" என்று கேட்டு, "ஐந்து" என்றால் அதை எழுதிக்கொண்டு போய்விடுகிறார்கள். குதிரைத் திறன் ஒன்றாக இருந்தாலும் கிணற்றின் ஆழத்தைப் பொறுத்து நீர் மாறும். தை மாதம் வரும் நீர் சித்திரையில் வராது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கரும்புக்கு 5 அடி இடைவெளியில் லேட்டரல், 2 அடிக்கு ஒரு சொட்டுவான், சொட்டுவான் ஒன்றுக்கு மணிக்கு 4 லிட்டர் என்று வைத்துக் கொள்வோம். ஏக்கருக்கு 43,560 சதுர அடி. ஐந்தால் வகுத்தால் 8,712 அடி லேட்டரல். அதில் 4,356 சொட்டுவான்கள். ஒரு ஏக்கரை ஒரே சமயத்தில் இயக்க, மணிக்குச் சுமார் 17,400 லிட்டர் வேண்டும். உங்கள் பம்ப் செட் 200 லிட்டர் டிரம்மை 50 விநாடியில் நிரப்புகிறது என்றால் மணிக்கு 14,400 லிட்டர்தான். ஆக, இரண்டு ஏக்கரை ஏக்கருக்கு ஒரு வால்வு என்று இரண்டு பிரிவாகப் பிரித்தால் பயிர் பட்டினி கிடக்கும். மூன்று பிரிவாகப் பிரித்தால் ஒரு பிரிவுக்கு 11,600 லிட்டர் போதும். பம்ப் செட் தாங்கும். வித்தியாசம் ஒரு வால்வும் சில நீளம் குழாயும்தான்! அதை மிச்சம் பிடிக்கப் போய்க் கடைசி இருபது வரிசைக் கரும்பை இழக்கலாமா?

மின்சாரம் வரும் நேரத்துக்குள் மூன்று பிரிவையும் ஓட்ட முடியுமா என்று கேட்பீர்கள். கோடையில் கரும்புக்கு நாளொன்றுக்கு 6 மில்லி மீட்டர் நீர் என்று கொண்டால், ஏக்கருக்குச் சுமார் 24,000 லிட்டர். மேற்சொன்ன அமைப்பில் ஒரு பிரிவுக்கு ஒன்றரை மணிக்கும் குறைவான நேரம். மூன்றுக்கும் சேர்த்து நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். மும்முனை மின்சாரம் வரும் நேரத்தோடு இதை ஒப்பிட்டுப் பார்த்துக் கொள்ளுங்கள்.

டிரம்மில் அளக்கும்போது ஒரு விஷயம். குழாயின் வாயைத் திறந்துவிட்டு அளந்தால் நீர் கூடுதலாகத்தான் காட்டும். சொட்டு நீருக்கு அழுத்தம் வேண்டும். சொட்டுவான் அருகே சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தம் இருக்க வேண்டுமானால், வடிகட்டி அருகே ஒன்றரை முதல் 2 கிலோ வரை இருக்க வேண்டும். ஆகவே அழுத்தமானியைப் பொருத்தி, கேட் வால்வைத் திருகி அந்த அழுத்தத்துக்குக் கொண்டுவந்து, அதன் பிறகு டிரம்மில் பிடித்து அளக்கச் சொல்லுங்கள். கூடுமானவரை கோடையில் அளப்பது நல்லது. மழை முடிந்த கையோடு அளந்தால், சித்திரை மாதத்து நீரைக் கிணறு எட்டிப் பார்த்துக் கழித்துக் கொள்ளுங்கள். உங்கள் கிணற்றை உங்களைவிட அறிந்தவர் எவர்?

நீருக்கு ஏற்ற வடிகட்டி

திறந்த கிணற்றிலும் பண்ணைக் குட்டையிலும் பாசி இருக்கும். அதற்கு மணல் வடிகட்டியும், அதற்கு அடுத்து வலை வடிகட்டியும் வேண்டும். வலை வடிகட்டி மட்டும் வைத்தால் பாசி வழவழப்பாக ஒட்டிக்கொண்டு அரை மணியில் அடைத்துவிடும். ஆழ்குழாய்க் கிணற்றில் மணல் வந்தால், மணலைச் சுழற்றிப் பிரிக்கும் ஹைட்ரோசைக்ளோன் கருவி வேண்டும். கிணறு எது என்று பார்க்காமல் எல்லாருக்கும் ஒரே வடிகட்டியை இறக்கிவிட்டுப் போவதை ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

இங்கே நம்மவர்களையும் சற்றுக் கடிந்துகொள்ளத்தான் வேண்டும். அடிக்கடி அடைக்கிறது என்று வடிகட்டியின் வலையைக் கழற்றி எறிந்துவிட்டு வெறும் கூட்டை மட்டும் வைத்து ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அடைக்க வேண்டிய இடத்தில் அடைக்காவிட்டால் அழுக்கு எங்கே போகும்? 4,356 சொட்டுவான்களுக்குள் போகும். வடிகட்டிக்கு முன்னும் பின்னும் அழுத்தத்தைப் பாருங்கள். வித்தியாசம் அரை கிலோவைத் தாண்டினால் கழுவ வேண்டும். அவ்வளவுதான் வேலை.

பள்ளத்தை மூடுமுன்

குழாய் பதிக்கும் நாளில் சொந்தக்காரர் தோட்டத்தில் இருக்க வேண்டும். பிள்ளையை அனுப்பினால் போதாது. மெயின், சப்மெயின் குழாய்களுக்கு ஒன்றரை முதல் இரண்டு அடி ஆழம் பள்ளம் வேண்டும். ஒரு அடியில் பதித்தால் அடுத்த உழவில் கொழு பட்டுப் போகும். வெயிலில் கிடக்கும் பி.வி.சி. குழாய் நாளடைவில் நொறுங்கும். ஆகவே பாறை வந்தது என்று சாக்குச் சொல்லி மேலாக விட்டுச் செல்ல விடாதீர்கள். பசை தடவிய இணைப்புகள் இறுகும் முன் நீர் விட்டால் பிடித்துக்கொள்ளாது.

சப்மெயினில் துளை போடும்போது பிளாஸ்டிக் சீவல் உள்ளே விழுகிறது. லேட்டரல்களைப் பொருத்தும் முன், சப்மெயின் முனையைத் திறந்துவிட்டு நீரைப் பாய்ச்சி அந்தச் சீவலையும் மண்ணையும் வெளியேற்ற வேண்டும். பத்து நிமிட வேலை. இதைச் செய்யாமல் விட்டதால் முதல் நாளே பாதிச் சொட்டுவான்கள் அடைத்துப் போன தோட்டத்தை நான் பார்த்திருக்கிறேன். அந்த விவசாயி கம்பெனியைத் திட்டினார். கம்பெனிக்காரர் கிணற்று நீரைத் திட்டினார். குழாயை அறுத்துப் பார்த்தபோது உள்ளே நீல நிறச் சீவல்கள்!

லேட்டரல் நீளத்திலும் கண் வைக்க வேண்டும். 16 மில்லி மீட்டர் லேட்டரலில் 2 அடிக்கு ஒரு 4 லிட்டர் சொட்டுவான் என்றால், சமதளத்தில் 60 மீட்டர், அதாவது சுமார் 200 அடிதான் எல்லை. நிலம் 300 அடி நீளம் என்றால் சப்மெயினை நடுவில் போட்டு இரு பக்கமும் லேட்டரல் எடுக்க வேண்டும். ஓரத்தில் போட்டு ஒரே இழுவையாக இழுப்பது வேலையாட்களுக்குச் சுலபம், பயிருக்கு நஷ்டம்.

சாமான்கள் வந்து இறங்கும்போதே பட்டியலை வைத்து எண்ணிக் கொள்ளுங்கள். லேட்டரல் குழாயின் மேல் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் தர எண்ணும் அச்சாகி இருக்கும். சாதா லேட்டரலுக்கு 12786, சொட்டுவான் உள்ளேயே பதித்த குழாய்க்கு 13488, பி.வி.சி. குழாய்க்கு 4985. அந்த எண்ணைப் படிக்க இங்கிலீஷ் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

ஒரு டம்ளரும் ஒரு கடிகாரமும்

இனி, மிக முக்கியமான வேலை. குழாய் பதித்து, நீர் விட்டு, படம் எடுத்து, "இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்கய்யா" என்பார்கள். அந்த நேரத்தில் அவசரப்படாதீர்கள். ஒரு பிரிவை அரை மணி ஓடவிட்டு, முதல் லேட்டரல், நடு லேட்டரல், கடைசி லேட்டரல் ஆகியவற்றில் ஒவ்வொன்றிலும் முதல், நடு, கடைசிச் சொட்டுவானின் கீழே ஒரு டம்ளரை வைத்து மூன்று நிமிடம் பிடியுங்கள். மருந்து அளக்கும் குவளையில் ஊற்றிப் பாருங்கள். மணிக்கு 4 லிட்டர் சொட்டுவான் மூன்று நிமிடத்தில் 200 மில்லி தர வேண்டும். கடைசி லேட்டரலின் கடைசிச் சொட்டுவானில் 180 வந்தால்கூட ஏற்றுக்கொள்ளலாம். 150 வந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். எல்லா இடத்திலும் குறைவாக வந்தால் பம்ப் செட் தாங்கவில்லை என்று பொருள். பிரிவைக் கூட்ட வேண்டும். முனையில் மட்டும் குறைந்தால் லேட்டரல் நீளம். நடுவில் அங்கங்கே குறைந்தால் அடைப்பு. டம்ளரே நோயைச் சொல்லிவிடும்.

அந்த ஒன்பது அளவுகளையும் தேதி போட்டு ஒரு தாளில் எழுதி, அமைத்தவரிடம் கையொப்பம் வாங்கிக் கொள்ளுங்கள். வால்வுகளும் மண்ணுக்குள் போன குழாய்களும் எங்கே இருக்கின்றன என்ற வரைபடத்தின் ஒரு பிரதியையும் கேட்டு வாங்குங்கள். அடுத்த ஆண்டு மண்வெட்டி பட்டுக் குழாய் உடையும்போது அதன் அருமை தெரியும்.

குழாய் பதிக்கும் வேலையாட்களை மட்டும் நான் குறை சொல்லவில்லை. அவர்களுக்கு ஏக்கர் கணக்கில் கூலி. இன்றே முடித்தால் நாளை அடுத்த ஊர். விவசாயியும் "நடவு தள்ளிப் போகுது, சீக்கிரம் முடிங்க" என்று விரட்டுகிறார். அலுவலகத்திலும் எத்தனை ஏக்கர் முடிந்தது என்றுதான் கேட்கிறார்கள். கடைமடைச் செடிக்கு எத்தனை மில்லி விழுந்தது என்று கேட்பவர் யாரும் இல்லை. பணி முடிப்பு அறிக்கையில் புகைப்படத்துடன் இந்த ஒன்பது அளவுகளையும் கட்டாயமாகச் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து. இதற்குப் புதிய கருவி எதுவும் தேவையில்லை, செலவும் இல்லை. அளவு குறைந்தால் மானியத் தொகை நிற்கும் என்று ஆகிவிட்டால், வால்வை மிச்சம் பிடிக்கும் வழக்கம் ஒரே பருவத்தில் நின்றுவிடும். அது வரும் வரை, கையெழுத்து ஒன்றுதான் விவசாயியின் கையில் இருக்கும் மடை.

ஏற்கெனவே அமைத்தவர்களும் இதே டம்ளர் சோதனையைச் செய்து பார்க்கலாம். முன்பு 200 வந்த இடத்தில் இப்போது 140 வந்தால், முதலில் வடிகட்டியைக் கழுவி, சப்மெயின் முனையையும், பிறகு ஐந்தாறு லேட்டரல்களாக முனை மூடிகளையும் திறந்து, தெளிந்த நீர் வரும் வரை ஓடவிடுங்கள். அப்படியும் தேறாமல், சொட்டுவான் வாயில் வெள்ளைப் படிவு தெரிந்தால் அது உப்பு. வென்சுரி வழியாக ஹைட்ரோகுளோரிக் அமிலம் செலுத்தி, லேட்டரல் முனையில் விழும் நீர் பி.எச். காகிதத்தில் 4 காட்டும் வரை விட்டு, ஒரு நாள் அப்படியே வைத்திருந்து, பிறகு அலசி வெளியேற்ற வேண்டும். அமிலம் கலக்கும்போது நீரில்தான் அமிலத்தைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். அமிலத்தில் நீரை ஊற்றினால் முகத்தில் தெறிக்கும். பாசி அடைப்புக்கு பிளீச்சிங் பவுடர் கரைசலைத் தெளியவைத்து வடிகட்டி விடலாம். ஆனால் அமிலமும் பிளீச்சிங் பவுடரும் ஒரே நாளில், ஒரே வாளியில் கலக்கவே கூடாது; நச்சுவாயு கிளம்பும். முதல் தடவை செய்கிறவர்கள், பக்கத்திலுள்ள வேளாண்மை அறிவியல் நிலையத்தில் கிணற்று நீரைக் கொடுத்து ஆய்வு செய்து, எவ்வளவு அமிலம் என்று கேட்டுக்கொண்டு செய்வது நல்லது.