அச்சமும் அலட்சியமும் மருந்தாகா

கூரத்தில் எங்கள் தெருவில் தறி நெய்த முதியவர் ஒருவர், புற்றுநோயின் இறுதி மாதங்களைப் பாராசிட்டமால் மாத்திரையோடு கழித்தார். மார்ஃபின் எழுத மருத்துவர் தயங்கினார். அபினியைச் சட்டப்படி விளைவிக்கும் நாட்டில் இந்த நிலை!

1985-ஆம் ஆண்டு போதைப்பொருள் தடுப்புச் சட்டம் விதைத்த அச்சமே இதற்கு முக்கியக் காரணம். 2014-இல் வந்த திருத்தம், மார்ஃபின் போன்ற இன்றியமையா மருந்துகளுக்கான விதிகளை நாடு முழுவதும் ஒன்றாக்கி எளிதாக்கியது. மருத்துவர்களின் தயக்கம் மட்டும் தளரவில்லை.

மறுபுறம், ஓபியாய்டு பழக்கத்திலிருந்து மீள உதவி தேவைப்படுவோர் ஏறத்தாழ 77 லட்சம் பேர் என மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்திய ஆய்வின் 2019 அறிக்கை கணித்தது. தமிழகத்தில் டபென்டடால் வலி மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றிக்கொள்ளும் இளைஞர்களைப் பற்றிய செய்திகள் வந்தவண்ணம் உள்ளன.

ஒரே பொருளில் தட்டுப்பாடும் மிகுதியும் சேர்ந்து நின்றால் பங்கீட்டை ஆராய வேண்டும் என்று வகுப்பில் கற்பித்தவன் நான். இங்கே பங்கீடு மருத்துவரின் சீட்டில் தொடங்குகிறது. 1990-களில் தாராளமாக எழுதிய அமெரிக்கா பேரழிவைச் சந்தித்தது. எழுதவே அஞ்சும் நாம் வலியைச் சுமக்கிறோம். யாருக்கு, எவ்வளவு, எத்தனை நாள், எப்படிப் படிப்படியாக நிறுத்துவது, அடிமையானவரை நோயாளியாக எவ்வாறு நடத்துவது ஆகியவற்றைப் பணியிலிருக்கும் மருத்துவர்களுக்கும் கட்டாயப் பயிற்சியாக அரசு அளிக்க வேண்டும்.